காரியின் பக்கத்துச் சுவர்

"குதிரைகளுக்கு நான் ஒரு குறையும் வைக்கலை அம்மா. இருந்தும் அதுகளுக்குப் பைத்தியம் பிடிக்குது" என்றார் நல்லபெருமாள்.

நாச்சியார் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கிழக் குதிரையின் குளம்பை மடியில் வைத்து, அதில் சிக்கியிருந்த கல்லைச் சிறு கொக்கியால் நெம்பிக்கொண்டிருந்தார்.

நல்லபெருமாள் காத்திருந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கருங்கரைக் கோட்டையின் குதிரை லாயத்துக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் தலைவர். பாளையக்காரரின் முப்பது குதிரைகளும் அவர் பொறுப்பில் இருந்தன. இரண்டு நாள் நடந்து, கடலோரத்துச் செம்மணல் மேடான தேரியில் இருந்த இந்தப் பழைய சாவடிக்கு வந்திருந்தார்.

ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கும் குதிரைகள் இளைப்பாறும் இடம் அது. பிறகு கப்பல்கள் வேறு துறைக்குப் போயின. வியாபாரிகளும் பின்னாலேயே போனார்கள். கடைசியாக இருந்த வியாபாரி இங்கேயே இறந்தார். அவர் மகள் மட்டும் எங்கும் போகவில்லை.

அந்த மகளைத்தான் எல்லோரும் நாச்சியார் என்றார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட குதிரைகள் ஆறு அவரிடம் இருந்தன. நொண்டி, குருடு, கிழடு. கடிக்கிற குதிரையும் அவர் பக்கத்தில் போனால் வாயை மூடிக்கொள்ளும் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு இருந்தது.

கல் வெளியே வந்தது. நாச்சியார் குதிரையின் காலை மெல்லத் தரையில் இறக்கினார்.

"என்ன பைத்தியம்?" என்று கேட்டார்.

நல்லபெருமாள் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு குதிரை நாள் முழுக்க நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி இடமும் வலமும் ஆடுகிறது. இப்போது இன்னும் நான்கு அப்படியே ஆடுகின்றன. ஒன்று கதவுக்கட்டையைப் பல்லால் கவ்விப் பிடித்துக் காற்றை விழுங்குகிறது. ஒன்று அறைக்குள் வட்டமாய்ச் சுற்றுகிறது, தரையில் தடமே விழுந்துவிட்டது. ஒன்று சுவரை நக்கிச் சுண்ணாம்பைத் தின்கிறது.

காரியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது.

காரி கருங்குதிரை. லாயத்திலேயே சிறந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால், தீனி வைக்கப் போன கூத்தன் என்ற குதிரைக்காரரின் வலக்கையில் இரண்டு விரல்களைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. ஆடி முடிவதற்குள் அந்தக் குணம் மாறாவிட்டால் அதைக் கொன்றுவிட வேண்டும் என்று பாளையக்காரர் சொல்லிவிட்டார். லாயத்தின் தலைவர் கையாலேயே அது நடக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அப்போது ஆனி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று நாச்சியார் கேட்டார். நல்லபெருமாள் எதையும் விடாமல் சொன்னார். கட்டையில் மிளகாய் அரைத்துப் பூசியது, மேலே தகடு அடித்தது, காற்றை விழுங்கும் குதிரையின் கழுத்தில் வார் போட்டு இறுக்கியது, ஆடுகிற குதிரையின் கால்களைச் சேர்த்துக் கட்டியது, கொள்ளைக் கூட்டியது, பிறகு குறைத்தது, சூடு போட்டது.

"லாயம் அவ்வளவு சுத்தமா இருக்கும் அம்மா. மனுஷனுக்குக்கூட எங்க ஊர்ல அப்படி ஒரு இடம் கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் தனி அறை. கூரை வரைக்கும் சுவர்."

நாச்சியார் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"காரி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தின்னும்?"

"காலையில ஒரு நாழிகை. சாயங்காலம் ஒரு நாழிகை."

"மிச்ச நேரம்?"

"நிக்கும்."

நாச்சியார் தலையை ஆட்டினார். 

நல்லபெருமாள் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தன்னைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர் முன்னால் அப்படி நிற்பது அவருக்குப் பழக்கமில்லை. தன்னை மாணவனாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும், எவ்வளவு நாள் ஆனாலும் இருந்து கற்றுக்கொள்வதாகவும் சொன்னார்.

நாச்சியார் வெளியே கைகாட்டினார். தேரிக்குக் கீழே, ஓடைக்கரையில், ஒரு கிழட்டுச் செவலைக் குதிரை புல் மேய்ந்துகொண்டிருந்தது.

"அந்தச் செவலையைப் பாருங்க."

"அதுல எதைப் பாக்கணும்?"

நாச்சியார் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார்.

*

மறுநாள் பொழுது விடிந்ததும் நல்லபெருமாள் ஓர் உடைமரத்தின் கீழ் உட்கார்ந்தார்.

செவலை மேய்ந்தது. ஓர் அடி எடுத்து வைத்தது. மேய்ந்தது. இன்னோர் அடி வைத்தது.

உச்சிவேளைக்குள் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. பல்லைப் பார்த்து வயதைச் சொல்லத் தெரிந்தவர் அவர். மூச்சைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். ஒரு கிழக் குதிரை புல் தின்பதைப் பார்க்கவா இரண்டு நாள் நடந்து வந்தோம் என்று நினைத்தார்.

பொழுது சாய்ந்தபோது நாச்சியார் வந்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"தின்னுச்சு."

"வேற?"

"நடந்துச்சு. தின்னுச்சு."

"வேற?"

நல்லபெருமாள் யோசித்தார்.

"இன்னொரு குதிரைகூட நின்னுச்சு."

"நாளைக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டு நாச்சியார் தொழப் போனார்.

இரண்டாம் நாள் அந்த இன்னொரு குதிரையைக் கவனித்தார். வெளுத்த சாம்பல் நிறம். இரண்டு கண்ணும் பூ விழுந்து குருடாகியிருந்தது. செவலை ஓர் அடி வைத்தால், அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குருடும் ஓர் அடி வைக்கும். செவலை கொஞ்சம் தூரமாகப் போய்விட்டால் நின்று, திரும்பி, மூக்கால் ஒரு சிறிய சத்தம் கொடுக்கும். குருடு அந்தத் திசையில் வந்து சேரும்.

வெயில் ஏறியதும் இரண்டும் ஒன்றின் தலைக்கு நேரே மற்றொன்றின் வால் வருமாறு நின்றன. செவலையின் வால் குருட்டின் முகத்தில் மொய்த்த ஈயை விரட்டியது. குருட்டின் வால் செவலையின் முகத்தில் மொய்த்த ஈயை விரட்டியது. பிறகு குருடு கழுத்தை நீட்டிச் செவலையின் தோளெலும்பைப் பல்லால் மெல்லச் சொறிந்தது. செவலையின் கீழுதடு தொங்கிவிட்டது.

முப்பத்தைந்து வருடம் குதிரைகளோடு இருந்தவர் அவர். ஆனால் ஏறாமல், தேய்க்காமல், கட்டாமல், ஒரு குதிரையின் பக்கத்தில் சும்மா ஒரு நாள் இருந்ததில்லை.

மூன்றாம் நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இந்த மூன்று நாளில் அவர் பேசியதெல்லாம் நாலைந்து வாக்கியம்தான். அன்று மத்தியானம், தனியே உட்கார்ந்து சோளரொட்டியைத் தின்றுகொண்டிருக்கும்போது, கோட்டையிலும் இதேதான் என்று அவருக்குத் தோன்றியது. அங்கே அவர் உத்தரவு போடுவார். சரி ஐயா என்பார்கள். மனைவி கண்ணை மூடி ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் ஆற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் ஒரு முறை வந்துபோனாள். வீட்டைப் பூட்டிவிட்டு லாயத்தின் கடைசி அறையிலேயே படுத்துக்கொள்வார். அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து சோறு வரும். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். அதை அவர் குறையாக நினைத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை.

ரொட்டியில் பாதியை அப்படியே வைத்துவிட்டார்.

*

நான்காம் நாள் காலை நாச்சியார் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சுவரை யார் கட்டினது?"

"நான்தான்."

முதலில் அது திறந்த கொட்டகையாக இருந்தது என்று நல்லபெருமாள் சொன்னார். குதிரைகளெல்லாம் வரிசையாக நிற்கும். பதினோரு வருடத்துக்கு முன்னால் பொன்னன் என்று ஒரு குதிரை இருந்தது. அவரே குட்டியிலிருந்து வளர்த்தது. அவர் குரலைக் கேட்டால் கனைக்கும். அப்போது புதிதாக ஒரு குதிரை வந்தது. வந்த அன்றே அதைப் பொன்னனுக்குப் பக்கத்தில் விட்டார். அந்திக்குள் இரண்டுக்கும் சண்டை வந்துவிட்டது. புதியது திரும்பி உதைத்தது. பொன்னனின் முன்னங்கால் முறிந்தது.

கால் முறிந்த குதிரைக்குச் செய்ய வேண்டியதை அவரே செய்தார். பொன்னன் கடைசி வரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதமே கொத்தனாரை வரவழைத்துச் சுவர் எழுப்பினார். அதற்குப் பிறகு ஒரு குதிரைக்கும் கால் முறியவில்லை.

சொல்லி முடித்துவிட்டு ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

தேறுதல் சொல்வதற்குப் பதிலாக நாச்சியார் ஒன்று கேட்டார்.

"அன்னைக்கு ரெண்டுக்கும் எத்தனை கூடை தீனி வெச்சீங்க?"

நல்லபெருமாள் திரும்பி அவரைப் பார்த்தார். பதில் சொல்ல வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டார். காற்றில் பனையோலைகள் சலசலத்தன.

"ஒண்ணு" என்றார்.

நாச்சியார் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நல்லபெருமாள் கடற்கரைக்கு நடந்தார். அங்கே ஒருவரும் இல்லை. பொன்னனின் கதையைப் பதினோரு வருடமாக அவர் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு தடவைகூடக் கூடை வந்ததில்லை.

*

ஐந்தாம் நாள் அவர் நாச்சியாரிடம் போனார். தனக்குப் புரிந்துவிட்டது என்றார். காரிக்குத் துணை இல்லை, அதுதான் குறை. அதனால் பழக்கமான, சாதுவான குதிரை ஒன்று வேண்டும்.

"இந்தச் செவலையை எனக்குக் குடுங்க."

"கூட்டிட்டுப் போங்க" என்றார் நாச்சியார்.

அவ்வளவு சுலபமாகக் கிடைக்குமென்று அவர் நினைக்கவில்லை. செவலையின் கழுத்தில் கயிற்றைப் போட்டு, வடக்கே போகும் பாதையில் நடத்திக்கொண்டு போனார்.

கூப்பிடு தூரம் தாண்டியதும் பின்னாலிருந்து குருட்டுக் குதிரை கனைத்தது.

செவலை நின்று பதில் கொடுத்தது. அவர் கயிற்றை இழுத்தார். செவலை நடந்தது. மறுபடியும் கனைப்பு வந்தது. மறுபடியும் செவலை நின்றது.

தேரியைத் தாண்டி ஒரு குளத்தங்கரைக்கு வந்தபோது கனைப்பு கேட்கவில்லை. காற்று திசை மாறியிருக்கலாம். செவலை இப்போது நிற்கவில்லை, இழுக்கவும் இல்லை. கூடவே வந்தது. குளத்தங்கரையில் நல்ல புல் இருந்தது. நல்லபெருமாள் ஒரு கைப்பிடி பிடுங்கி நீட்டினார். செவலை வாயைத் திறக்கவில்லை. புல்லையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. எதிரே இருந்த வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானது. தினமும் முப்பது அறைகளின் கதவிடுக்கில் அதைப் பார்த்துவருகிறார்.

கையிலிருந்த புல்லைக் கீழே போட்டார். செவலையைத் திருப்பினார்.

பாதி வழியில் நாச்சியார் எதிரே வந்துகொண்டிருந்தார். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் குருட்டுக் குதிரை. அதன் உடம்பெல்லாம் வியர்வை. எங்கோ முட்டிக்கொண்டு முழங்காலில் தோல் உரிந்திருந்தது.

செவலையின் மூக்குச்சத்தம் கேட்டதும் குருடு நின்றது. பிறகு நடுங்கிக்கொண்டே வந்து, அதன் கழுத்தில் தலையைச் சாய்த்தது.

நல்லபெருமாளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"தெரிஞ்சுதானே விட்டீங்க? நான் திரும்பி வரலைன்னா?"

"இதையும் உங்ககிட்ட விட்டுட்டு வந்திருப்பேன்" என்றார் நாச்சியார். "ரெண்டு நாள் நடை. அவ்வளவுதானே."

அவர் குனிந்து குருட்டின் முழங்காலைப் பார்த்தார். தன் முந்தானையைக் கிழித்துக் காயத்தைத் துடைத்தார்.

நல்லபெருமாள் செவலையின் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். அதை நாச்சியாரிடம் நீட்டினார்.

"இப்ப நீங்க போகலாம்" என்றார் நாச்சியார்.

*

கோட்டைக்கு வந்த அன்றே நல்லபெருமாள் பாளையக்காரரைப் பார்த்தார். அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவர்களை மார்பளவுக்கு இடித்து இறக்க வேண்டும், நாளெல்லாம் புல் கிடக்க வேண்டும், அகழிக்கு அப்பால் இருக்கும் மேய்ச்சலில் குதிரைகளை இரண்டிரண்டாக அவிழ்த்துவிட வேண்டும் என்று கேட்டார்.

சுவரைக் கட்டச் சொன்னதும் நீர்தானே என்றார் பாளையக்காரர். ஆமாம் என்றார் நல்லபெருமாள். ஒரு குதிரைக்குக் கால் முறிந்தாலும் அதோடு லாயத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று பாளையக்காரர் சொன்னார். அதற்கும் ஆமாம் என்றார்.

முதலில் காரியின் பக்கத்துச் சுவர். அந்தப் பக்கம் மயிலை என்று ஒரு குதிரை இருந்தது. எட்டு வருடமாக ஒன்றின் மூச்சை ஒன்று கேட்டுக்கொண்டிருந்த குதிரைகள். அறைக்குள்ளிருந்து ஒன்றை ஒன்று பார்த்தது கிடையாது.

கொத்தனார் வருவதற்கு முன்னால் கூத்தன் அங்கே வந்து நின்றார். விரல் போன கையை மேல்துண்டில் சுற்றியிருந்தார். காரியை வெளியே கொண்டுபோய்க் கட்ட ஓர் ஆள் வேண்டுமே, நான் கட்டுகிறேன் என்றார்.

நல்லபெருமாள் அவர் கையைப் பார்த்தார். விரல் போன நாளிலிருந்து அதைப் பற்றி அவர் கூத்தனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வைத்தியரை அனுப்பியதோடு சரி.

"உனக்கு அதுமேல கோபமில்லையா?" என்று இப்போது கேட்டார்.

கூத்தன் கொஞ்சம் தயங்கினார்.

"எட்டு வருஷமா அந்த அறைக்குள்ள அதுகிட்ட வந்ததெல்லாம் கை மட்டும்தானே ஐயா. தீனி வைக்கிற கை, கட்டுற கை, அடிக்கிற கை. வேற எதைக் கடிக்கும்?"

நல்லபெருமாள் காரியின் கயிற்றை அவர் கையில் கொடுத்தார். கொத்தனார் வந்ததும் ஆரம்பிக்கச் சொன்னார்.

சுவர் இறங்கி, தூசி அடங்கியதும் இரண்டு குதிரைகளையும் அதனதன் இடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். தீனிக் கூடைகளை நல்லபெருமாளே இரண்டு எதிர்மூலையில் வைத்தார்.

காரி காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஓலமிட்டது. சுவரை உதைத்தது. மயிலை மூலையில் ஒண்டியது. அன்று முழுவதும் நல்லபெருமாள் கையில் பிரம்போடு பக்கத்திலேயே நின்றார். எதற்கும் அதை ஓங்கவில்லை. மறுநாள் பிரம்பு இல்லாமல் நின்றார்.

மூன்றாம் நாள் காரி சுவரின் மேல் தாடையை வைத்துக்கொண்டு சும்மா நின்றது. வெகுநேரம் கழித்து மயிலை வந்தது. மூக்கும் மூக்கும் தொட்டன. காரி ஒரு பெருமூச்சு விட்டது. லாயத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

பத்து நாள் கழித்து இரண்டையும் அகழிக்கு அப்பால் அவிழ்த்துவிட்டார்கள்.

காரி ஓடியது. ஓட மறந்துபோன குதிரைபோலக் கால் பின்னி விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடியது. திரும்பி வந்த வேகத்தில் மயிலையை இடித்தது. மயிலை திரும்பிப் பின்னங்காலால் உதைத்தது. சதையில் அடி விழும் சத்தம் கேட்டது.

நல்லபெருமாள் கண்ணை மூடிக்கொண்டார்.  இரண்டையும் பிடித்துக் கட்டுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

கூத்தன் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரத்தம்தான் ஐயா. எலும்பு இல்லை."

நல்லபெருமாள் கண்ணைத் திறந்தார். காரியின் தொடையில் ஒரு கீறல் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. காரி அதைக் கவனிக்கவில்லை. மயிலைக்கு மூன்று முழம் தள்ளி நின்று புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"விடு" என்றார். "மேயட்டும்."

*

ஆடி கடைசியில் பாளையக்காரர் லாயத்துக்கு வந்தார். காரியின் முன்னால் நின்று, யாராவது கையை நீட்டுங்கள் என்றார்.

நல்லபெருமாள் முன்னால் வந்தார். அதற்குள் கூத்தன் நீட்டிவிட்டார். அதே வலக்கை. மூன்று விரல்.

காரி குனிந்து அந்தக் கையை முகர்ந்தது. விரல் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் மூக்கை வைத்திருந்தது. சூடாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, மயிலையின் பக்கம் திரும்பிக்கொண்டது.

பாளையக்காரர் திரும்பிப் போனார். மற்றச் சுவர்களையும் இறக்கலாம் என்று மறுநாள் ஆள் வந்து சொன்னான்.

*

தை பிறந்து நல்லபெருமாள் மறுபடியும் தேரிக்கு நடந்தார். கையில் ஒரு மூட்டை கொள்ளு கொண்டுபோனார்.

நாச்சியார் சாவடி வாசலில் உட்கார்ந்து பழைய கயிறுகளைப் பிரித்து முறுக்கிக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்றார். இருக்கட்டும் அம்மா என்று சொல்லி, நின்றபடியே அவர் எல்லாவற்றையும் விவரித்தார்.

முப்பது அறைகளிலும் சுவர் இறங்கிவிட்டது. சில குதிரைகளுக்கு ஒத்துப்போகவில்லை. இடம் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்ததில் அதுவும் சரியானது. சிராய்ப்பும் பல்தடமும் இல்லாத குதிரை லாயத்தில் இப்போது கிடையாது. கால் மட்டும் ஒன்றுக்கும் முறியவில்லை. வட்டமாய்ச் சுற்றிய குதிரை சுற்றுவதை விட்டுவிட்டது. சுவரை நக்கியதற்குப் புல் போதுமாயிருக்கிறது. கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்குகிற குதிரை மட்டும் இன்னும் எப்போதாவது கவ்வுகிறது. தகட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். கவ்விக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். காரியை மயிலையிடமிருந்து பிரிக்கவே முடிவதில்லை, சவாரிக்குப் போனாலும் இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டியிருக்கிறது.

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. இவ்வளவையும் கேட்பதற்கு அவருக்கு வேறு யாரும் இல்லை.

நாச்சியார் கயிறு முறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஆடிட்டே நிக்குதுன்னு சொன்னீங்களே?"

"அதெல்லாம் நின்னுபோச்சு அம்மா. அஞ்சும் ஆடலை."

"எதுவுமே இப்ப ஆடலையா?"

"ஒண்ணுகூட இல்லை."

நாச்சியாரின் கை நின்றது. அவர் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார்.

எதைப் பார்க்கிறார் என்று நல்லபெருமாளும் குனிந்தார்.

நல்லபெருமாளின் வலது கால் மணலிலிருந்து கொஞ்சம் எழுந்து, பதிந்தது. பிறகு இடது கால் எழுந்து, பதிந்தது. பிறகு வலது. அவர் நின்ற இடத்தில் இரண்டு குழி விழுந்திருந்தது.

கால்கள் நின்றன.

வெகுநேரம் அவர் அந்தக் குழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடைக்கரையில் ஏதோ ஒரு குதிரை தும்மியது.

"எப்பயிருந்து?" என்று கேட்டார்.

"முதல் நாள் வந்து நின்னீங்களே, அப்பவே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அம்மா."

"அப்பச் சொல்லியிருந்தா," என்றார் நாச்சியார், "காலைக் கட்டியிருப்பீங்க."